சனி, ஞாயிறு லேசான மழை

தை மாதத்தில் வானொலியில் அடிக்கடி ஒரு வானிலை அறிக்கை வரும். நாளிதழிலும் அதே செய்தி வரும். நான்கு வரிதான் இருக்கும். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கிழக்குத் திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக, சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களும் கடலோரத் தமிழகம், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும். உள் மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவும். குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும்."

பலர் இதில் ஒரே ஒரு சொல்லைத்தான் காதில் வாங்குவார்கள். "லேசான மழையாம், ஒன்றும் இல்லை" என்று போய்விடுவார்கள். வேறு சிலர், "சனிக்கிழமை மழையாம்" என்று அடுத்த வீட்டில் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டில் "பெருமழையாம்" என்பார். தெருக்கோடிக்குப் போகும்போது அது புயலாகிவிடும்.

காரைக்கால் கடற்கரையில் கருவாடு காய வைக்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் கடன் வாங்கி மீன் எடுத்திருக்கிறார். உப்புப் போட்டு ஊற வைத்தாகிவிட்டது. இனி மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து, "அக்கா, நாளைக்கு மழைன்னு ரேடியோவுல சொல்லிட்டாங்க. மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுருங்க" என்கிறாள். அந்த அம்மா என்ன செய்வார்? விற்றால் கையில் பிடித்தம். விற்காமல் மழையில் நனைந்தால் புழு வைத்துவிடும், மொத்தமும் போகும்.

அந்த நான்கு வரியை அவரே எழுத்துக்கூட்டிப் படித்தால் அவருக்கு ஒரு வழி தெரியும். அந்த வரிகளில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. யாரோ வாய்க்கு வந்தபடி எழுதிய சொற்கள் அல்ல அவை.

முதலில் "ஓரிரு இடங்களில்" என்பதைப் பார்க்கலாம். ஒரு பகுதியில் மழை அளக்கும் நிலையங்கள் நூறு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 25 நிலையங்கள் வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் "ஓரிரு இடங்களில்" என்று எழுதுவார்கள். 26 முதல் 50 வரை என்றால் "ஒருசில இடங்களில்". 51 முதல் 75 வரை என்றால் "அநேக இடங்களில்". அதற்கும் மேலே போனால் "பெரும்பாலான இடங்களில்". ஆகவே "ஓரிரு இடங்களில்" என்று படித்தால், நான்கு ஊரில் மூன்று ஊர் நனையாமலே இருக்கலாம். அந்த ஒரு ஊர் எது என்பதை அறிக்கை சொல்லவில்லை. "மழை வரும்னு சொன்னான், ஒரு சொட்டு இல்லை" என்று திட்டுகிறவர்கள் இந்தச் சொல்லைப் படிக்காதவர்கள்.

அடுத்தது "லேசான". இந்தச் சொல்தான் பலரை ஏமாற்றுகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையை மில்லிமீட்டரில் அளக்கிறது. காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை மணி வரை பெய்வது ஒரு நாள் மழை. அந்த ஒரு நாளில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது லேசான மழை. அதற்கும் குறைந்தால் மிக லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் கனமழை. 115.6 முதல் மிகக் கனமழை. 204.5 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் அதிகனமழை.

ஒரு மில்லிமீட்டர் என்பது பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலில் உள்ள மிகச் சிறிய கோடு. ஐந்து கோடு அளவு மழை பெய்தால் அதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் தண்ணீராகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர்.

ஒருவர் பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள களத்தில் நெல்லைப் பரப்பிக் காயப்போட்டிருக்கிறார். அது நூறு சதுர மீட்டர். ஐந்து மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த நெல்லின் மேல் விழுவது 500 லிட்டர் தண்ணீர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தால் 33 குடம். காயப்போட்ட நெல்லின் மேல் ஒருவர் 33 குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினால் சும்மா விடுவோமா?

ஒரு ஏக்கர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு நாலாயிரம் லிட்டர். பத்து மில்லிமீட்டர் பெய்தால் நாற்பதாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் மூன்று லாரி நிறைந்து, மீதியும் இருக்கும். இதற்கும் பெயர் லேசான மழைதான். மழைதான் லேசு. அது யார் தலையில், எந்த வேளையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது நஷ்டம்.

தை மாதத்தில் காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமானால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதாவது நூறு கிலோ நெல்லில் 17 கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது. கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். ஈரம் கூடுதலாக இருந்தால் திரும்பக் காய வைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். லாரி வாடகை, ஆள் கூலி, காவல் என்று செலவு ஏறும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் டெல்டாவில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து நனைந்தது. அவை லேசான மழை அல்ல, பெரிய மழை. ஆனால் களத்தில் கொட்டிக் கிடக்கும் நெல்லுக்கு லேசான மழையே போதும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே டெல்டாவில், சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது வழக்கம். மண்ணில் இருக்கிற ஈரத்தில் விதை முளைத்துவிடும். நெல்லை அறுத்த பிறகு அந்தப் பயிர் பனி ஈரத்தையும் எப்போதாவது விழும் சிறு தூறலையும் வைத்துக்கொண்டே வளரும். அந்த உளுந்துக்குத் தை மாதத்துத் தூறல் அமிர்தம். தை மழை நெய் மழை என்ற பழமொழி சும்மா வரவில்லை. ஒரே வயல். மேலே நிற்கும் நெல்லுக்கு அந்த மழை ஆகாது. கீழே முளைக்கும் உளுந்துக்கு அது வேண்டும். மழை நல்லதா கெட்டதா என்று கேட்டால் அந்த விவசாயி என்ன பதில் சொல்வார்?

வட இந்தியாவில் இந்தக் கேள்விக்குப் பதில் எளிது. அங்கே குளிர்கால மழையை மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் கொண்டுவருகின்றன. பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் கோதுமை அப்போது பச்சையாக நிற்கும். லேசான மழை அதற்கு நல்லது. நம் கிழக்குக் கடற்கரையின் தென்பகுதியில்தான் அறுவடையும் மழையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன.

குளிர்காலத்தில் இங்கே ஏன் மழை? நாடு முழுவதும் பெரும்பாலும் காய்ந்து கிடக்கிற மாதம் இது. வடக்கே நிலம் குளிர்ந்து கிடக்கும். டெல்லியில் சில இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே போகும். குளிர்ந்த காற்று கனமானது. அது அங்கிருந்து தெற்கு நோக்கி, வங்காள விரிகுடாவின் மேல் இறங்கி வரும். நிலத்தை விட்டுப் புறப்படும்போது அது வறண்ட காற்று. கடலின் மேல் பல நூறு கிலோமீட்டர் வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நம் கரையில் வந்து மோதும்.

கடலில் காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. கரைக்கு வந்தவுடன் மரம், வீடு, மேடு பள்ளம் எல்லாம் தடுக்கும். காற்றின் வேகம் குறையும். பின்னால் வரும் காற்று முன்னால் நிற்கும் காற்றை நெருக்கும். திருவிழாக் கூட்டம் குறுகிய வாசலில் நெருக்குவதைப் போல. நெருங்கிய காற்று மேலே எழும்பும். மேலே போனால் குளிரும். குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் மேகமாகும், தூறலாகும். அறிக்கையில் "காற்றின் வேக மாறுபாடு" என்று படித்தீர்களே, ஏறக்குறைய இதுதான் அது.

இந்த மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் வரும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. நிலத்திலிருந்து மெல்லக் கடல் பக்கம் நகரும் குளிர்ந்த காற்றும், கடலிலிருந்து வரும் ஈரக் காற்றும் கரையருகே சந்திக்கும். அந்த இடத்தில் மழை. பகல் பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் வெளுத்துவிடும். மழை இல்லாவிட்டாலும் மேகம் இருந்தால் வெயில் உறைக்காது. அதனால்தான் அன்று பகலில் குளுமை. இரவில் அதே மேகம் போர்வை போல நின்று, தரையின் சூடு மேலே போகாமல் தடுக்கும். மேகமூட்டமான இரவில் அவ்வளவு குளிராது. வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிகிற இரவில்தான் பனி கொட்டும்.

கருவாட்டுக்கார அம்மாவுக்கு இதுதான் வேண்டிய செய்தி. ஓரிரு இடங்களில் லேசான மழை. வந்தால் பெரும்பாலும் இரவில், அல்லது விடியலில். ஆகவே மீனைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மணலில் பரப்பாமல், கம்பு நட்டு உயரமாகக் கட்டிய பரணில் வலை விரித்துக் காய வைக்கலாம். சூரியன் சாய்வதற்கு முன்னால் அள்ளிக் கூரைக்குக் கீழே கொண்டுபோகலாம். மறுநாள் தரை வெளுத்த பிறகு எடுத்துப் போடலாம். மூன்று நாளில் காய்வது நான்கு நாள் ஆகும். அவ்வளவுதான். அறிக்கை "அநேக இடங்களில் மிதமான மழை" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போது பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதே சரி.

களத்தில் நெல் வைத்திருப்பவருக்கும் ஏறக்குறைய இதே வேலைதான். பொழுது சாய்வதற்குள் நெல்லை மேட்டில் குவிக்க வேண்டும். அடியில் வைக்கோல் போட வேண்டும். மேலே தார்ப்பாயை இரண்டு பக்கமும் சரிவாக இருக்கும்படி மூட வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே வராது. தார்ப்பாய் பறக்காமல் ஓரங்களில் மண் மூட்டை வைக்க வேண்டும். காற்று உள்ள நாட்கள் இவை. ஆனால் ஈர நெல்லை இரண்டு நாள் மூடியே வைத்தால் உள்ளே சூடு ஏறிப் பூசணம் பிடிக்கும், முளையும் கட்டும். வெயில் தலை காட்டியவுடன் திறந்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மழைக்குப் பயந்து மூடுகிறார்கள். திறக்க மறந்துவிடுகிறார்கள்.

உரம் போட, மருந்து அடிக்க இருப்பவர்கள் திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொள்ளலாம். யூரியா மழைத் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். மருந்து காற்றில் பறந்து அடிக்கிறவர் முகத்திலேயே படியும். உப்பளத்தில் பாத்தி சீர்செய்து நீர் கட்டுகிற காலம் இது. நல்ல தண்ணீர் விழுந்தால் உப்புத் தண்ணீரின் திடம் குறையும். வேலை சில நாள் பின்னுக்குப் போகும்.

இனி காற்று. அறிக்கையின் கடைசி வரியைக் கடலுக்குப் போகிறவர்கள் முதல் வரியாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் "லேசான மழை" என்பது நிலத்துக்குச் சொன்னது. கடலுக்குச் சொன்னது காற்றின் வேகம்.

35 கிலோமீட்டர், 45 கிலோமீட்டர் என்ற எண்கள் எப்படி இருக்கும்? மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வரை காற்று அடித்தால் தெருவில் புழுதியும் காகிதமும் பறக்கும். சிறு கிளைகள் ஆடும். 29 முதல் 38 வரை என்றால் சின்ன மரங்கள் முழுவதும் அசையும். 39 முதல் 49 வரை பெரிய கிளைகள் ஆடும். குடையைப் பிடிப்பது சிரமம். 50ஐத் தாண்டினால் பெரிய மரமே ஆடும், எதிர்த்து நடப்பது கஷ்டம். இது நிலத்தில். தடுப்பே இல்லாத கடலில் சிறிய ஃபைபர் படகுக்கு இந்தக் காற்று எழுப்பும் அலை பெரிய ஆபத்து. "இடையிடையே 55" என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. படகு கவிழ ஒரு நிமிடக் காற்று போதும்.

காற்றின் திசையையும் அறிக்கையில் சொல்வார்கள். "வடகிழக்குக் காற்று" என்றால் வடகிழக்கிலிருந்து வருகிற காற்று. வடகிழக்கு நோக்கிப் போகிற காற்று அல்ல. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்குக் காற்றுகளுக்குத் தமிழில் முன்பே பெயர் வைத்தார்கள். அவர்களும் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் வைத்தார்கள்.

சொல் எழுதப்பட்டால் மட்டும் போதாது. அது உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். 2017 நவம்பர் 30ஆம் தேதி குமரிக்கடலில் ஒக்கி புயல் வீசியது. அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. ஏராளமானோர் திரும்பி வரவே இல்லை. அதன் பிறகுதான் ஆழ்கடல் படகுகளில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளைப் பொருத்தும் வேலை வேகம் எடுத்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரத்தையும் கடலின் நிலையையும் நாள்தோறும் கணித்துச் சொல்கிறது. 1999இல் தொடங்கிய மையம் அது.

வானிலைத் துறை அதைவிட மிகப் பழையது. 1864இல் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் தாக்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1875இல் இந்தத் துறையை அமைத்தார்கள். இன்று நாடு முழுவதும் பல ஊர்களில் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கருவி கட்டிய பலூனை வானத்தில் விடுகிறார்கள். அது மேலே போகப் போக வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். காரைக்காலிலும் சென்னையிலும் மழை மேகத்தைப் பார்க்கும் ராடார்கள் உள்ளன. 2024 பிப்ரவரியில் வானிலைக்கென்றே இன்சாட் 3டிஎஸ் என்ற செயற்கைக்கோளை ஏவினார்கள். நாளிதழில் வரும் நான்கு வரிக்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது.

இவ்வளவு செய்தும் "பெய்யும்" என்று எழுதாமல் "பெய்யக்கூடும்" என்றுதான் எழுதுகிறார்கள். அது நழுவுகிற பேச்சு அல்ல, நேர்மையான பேச்சு. ஐந்து நாள் தள்ளிச் சொல்வதைவிட நாளைக்கென்று சொல்வது அதிகம் பலிக்கும். ஆகவே வியாழக்கிழமை படித்ததோடு விட்டுவிடாமல், வெள்ளிக்கிழமை மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் மறுபடி படிக்க வேண்டும். விவசாயிகளுக்கான தனி அறிக்கை செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வருகிறது. மாவட்டத்துக்கு நிறமும் போடுவார்கள். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். லேசான மழை நாட்களில் பெரும்பாலும் பச்சைதான். பச்சை என்பதால் களத்து நெல் நனையாது என்று பொருள் இல்லை!

சொன்னது பலித்ததா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமாக இருக்கிற, அடி தட்டையான ஒரு டின் போதும். மரமும் கூரையும் மறைக்காத வெளியில், காற்றில் சாயாதபடி செங்கல் அணைத்து வைக்க வேண்டும். காலை எட்டரை மணிக்கு உள்ளே அளவுகோலை விட்டு, தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கொட்டிவிட்டு வெறும் டின்னை அங்கேயே வைத்துவிட வேண்டும். ஒரு நோட்டில் தேதி, அறிக்கையில் வந்த சொல், டின்னில் இருந்த அளவு என்று மூன்று கட்டம் போட்டால் போதும். சனிக்கிழமை காலையில் ஒரு வரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வரி, திங்கட்கிழமை காலையில் ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை பகலிலும் இரவிலும் பெய்தது திங்கட்கிழமை எட்டரை மணிக்குத்தான் கணக்கில் வரும். டின்னில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது.